தென்னாப்பிரிக்காவில் பழைய ஃபோர் பை ஃபோருக்குக் கூடுதல் விளக்கு: சட்டத்தை மீறாமல் பொருத்துவது எப்படி?

டர்பனுக்கு வேலைக்கு வந்த மூன்றாம் மாதம் 1993-ஆம் வருட லேண்ட் குரூசர் 80 ஒன்றை வாங்கினேன், நான்கு சக்கரமும் இழுக்கிற ஃபோர் பை ஃபோர் வகை. 4.2 லிட்டர் டீசல், இரண்டு கை மாறிய வண்டி. வாங்கிய அதே வாரம் முன் பம்பரில் ஒரு ஜோடி ஸ்பாட் லைட்டைப் பூட்டினேன். அதற்குப் பிறகு ரோட்வொர்த்தி சோதனையில், அதாவது வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கிற சோதனையில், இரண்டு முறை தோற்று, பெயர் மாற்றத்துக்கான கெடுவைத் தவறவிட்டு, தாமதக் கட்டணமும் கட்டிய பிறகுதான் வண்டி முறைப்படி என்னுடையது ஆனது. செய்த வேலைகளில் பெரும்பாலானவை சரியானவைதான். செய்த வரிசைதான் தவறு, அதோடு வயரிங்கில் இரண்டே இரண்டு வயர் தவறு.

டிராக்கன்ஸ்பெர்க் மலை, லெசோதோ எல்லையிலுள்ள சானி கணவாய், ஸூலுலாண்ட் என்று சுற்றுவதற்காக இங்கே பழைய லேண்ட் குரூசர், ஹைலக்ஸ், டிஃபெண்டர், பஜேரோ வாங்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாங்கியதும் எல்லாருக்கும் வருகிற முதல் ஆசை விளக்குதான். இரவில் மாடும் ஆடும் தார்ச்சாலையில் படுத்துக் கிடக்கிற ஊர் இது, அதனால் ஆசையில் நியாயம் இருக்கிறது. நான் பட்ட பாட்டை நீங்கள் படாமல் இருக்க, எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

1. உங்களுக்குத் தேவை எந்த விளக்கு?

கடைக்குப் போவதற்கு முன் இதைத் தீர்மானியுங்கள். பலரும் பனிமூட்டத்துக்காக ஸ்பாட் லைட் வாங்குகிறார்கள். என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் ஏறும்போதும், வான் ரீனன் கணவாயிலும் இறங்குகிற பனியை ஒருமுறை பார்த்தால் அந்த எண்ணம் வருவது இயல்புதான். ஆனால் பனியில் ஸ்பாட் லைட்டைப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். பனிக்கு வேண்டியது ஃபாக் லைட். தாழ்வாக இருக்க வேண்டும், அகலமாகப் பரவ வேண்டும், மேல் விளிம்பு வெட்டினாற்போல் இருக்க வேண்டும்.

தெளிவான இரவில் தூரத்தில் நிற்கிற மாட்டை முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்றால் டிரைவிங் லைட், அதாவது ஹை பீமுக்கு (ஹெட்லைட்டின் தூர வெளிச்சத்துக்கு) துணையாக எரிகிற விளக்கு. கடையில் ஸ்பாட் லைட் என்று விற்பது இதைத்தான். இந்தக் கட்டுரை முக்கியமாக அதைப் பற்றியது.

கூரைமேல் வைக்கிற நீளமான எல்.இ.டி. பார் பண்ணைக்குள்ளும் முகாமிலும் உதவும். பொதுச்சாலைக்கு அது வேண்டாம். ஏன் என்பது நான்காம் படியில் வருகிறது.

2. முதலில் வண்டி உங்கள் பெயருக்கு வரட்டும்

விளக்கைப் பெட்டியிலேயே வையுங்கள். வண்டி உங்கள் பெயரில் பதிவாகிற வரை புதிய விளக்குக்காக ஒரு திருகாணியைக்கூடத் தொடாதீர்கள். நான் செய்த பெரிய தவறு இங்கேதான்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் இருப்பவர்களுக்கு முதல் தேவை டிராஃபிக் ரெஜிஸ்டர் எண். தென்னாப்பிரிக்க அடையாள எண் இல்லாதவர் இந்த எண் இல்லாமல் வண்டியைத் தன் பெயரில் பதிய முடியாது. அதற்கான படிவம் ஏ.என்.ஆர். பாஸ்போர்ட், விசா, பாஸ்போர்ட் அளவுப் படங்கள், மூன்று மாதத்துக்கு உட்பட்ட முகவரிச் சான்று ஆகியவற்றை எடுத்துப் போங்கள், எல்லாவற்றுக்கும் நகலும் அசலும். வாடகை வீட்டில் இருந்தால் மின்கட்டண ரசீது உங்கள் பெயரில் இருக்காது. வீட்டுக்காரரிடம் உறுதிமொழிக் கடிதத்தை முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அது இல்லாமல் ஒரு முழு நாள் போனது. வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்த எண்ணுக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது.

பிறகு பெயர் மாற்றம். வண்டி கை மாறிய நாளிலிருந்து 21 நாளுக்குள் பதிய வேண்டும். தேவையான காகிதங்கள் இவை: விற்றவர் கையெழுத்திட்ட என்.சி.ஓ. படிவம் (உரிமை மாற்ற அறிவிப்பு), நீங்கள் நிரப்பும் ஆர்.எல்.வி. படிவம் (பதிவு, லைசென்ஸ் விண்ணப்பம்), வண்டியின் அசல் பதிவுச் சான்றிதழ், டிராஃபிக் ரெஜிஸ்டர் எண்ணுக்கான சான்று, முகவரிச் சான்று, ரோட்வொர்த்தி சான்றிதழ். ரோட்வொர்த்தி சான்றிதழ் 60 நாள் செல்லும். ‘சான்றிதழ் புதிதாக எடுத்துத் தருகிறேன்’ என்று விற்பவர் சொன்னால், தேதியைப் பார்க்காமல் தலையாட்டாதீர்கள்.

முந்தைய உரிமையாளர் பூட்டிய விளக்குகளைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். என் வண்டியில் கூரை கேரியரில் ஒரு எல்.இ.டி. பார் இருந்தது. வயர் அறுந்து தொங்கியது. எரியாத விளக்குதானே என்று விட்டுவிட்டேன். வண்டியில் மாட்டியிருக்கிற எதையும் சோதனை செய்பவர் பார்ப்பார். பழைய விளக்கு, அறுந்த வயர், ஒட்டுப்போட்ட ஸ்விட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு மின் அமைப்பைக் கொண்டுவந்து, அப்படியே சோதனைக்கு விடுங்கள்.

வண்டியின் லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால் சோதனை நிலையத்துக்கு ஓட்டிப் போகவே சிறப்பு அனுமதி (ஸ்பெஷல் பெர்மிட்) வேண்டும். அது 3 நாளுக்குத்தான் செல்லும். இல்லாவிட்டால் டிரெய்லரில் ஏற்றிப் போக வேண்டியதுதான்.

3. சோதனைக்கு முன்பே, இருக்கிற ஹெட்லைட்டைச் சரிசெய்யுங்கள்

முப்பது வயது வண்டியில் ஹெட்லைட் மங்கலாக இருப்பதற்குப் பெரும்பாலும் பல்பு காரணமில்லை. ஸ்விட்சிலும் இணைப்புகளிலும் எர்த்திலும் (வண்டியின் உடலோடு சேருகிற எதிர்முனை இணைப்பிலும்) துரு ஏறி, பல்புக்குப் போய்ச் சேருகிற வோல்டேஜ் குறைந்திருக்கும். ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் ஓர் அளவு, எரிகிற பல்பின் ஹோல்டரில் ஓர் அளவு எடுத்துப் பாருங்கள். என் வண்டியில் பேட்டரியில் 13.9 வோல்ட், ஹோல்டரில் 12.1. எர்த் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, இரண்டு ஹோல்டர்களை மாற்றியதும் 13.4-க்கு வந்தது. அந்த இரவு பார்த்தபோது, ஸ்பாட் லைட் வாங்காமலே இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது. பாதிப் பேருக்கு இந்தப் படியோடு தேவை தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

ரிஃப்ளெக்டரையும் பாருங்கள். வெள்ளிப் பூச்சு உரிந்து பழுப்பேறியிருந்தால் முழு விளக்கையும் மாற்ற வேண்டும். மாற்றும்போது, சாலையின் இடப்பக்கம் ஓடுகிற நாட்டுக்கான ஹெட்லைட்டாகக் கேளுங்கள். ஐரோப்பியக் கண்டத்துக்கும் அமெரிக்காவுக்கும் செய்த விளக்கில் லோ பீம் (எதிரே வண்டி வரும்போது போடுகிற தாழ்ந்த வெளிச்சம்) வலப்பக்கம் மேலேறும். இங்கே அது நேராக எதிரே வருகிறவர் கண்ணில் போய் விழும்.

ஹெச்4 ஹாலஜனுக்கு (ஹை, லோ இரண்டு இழையும் உள்ள பல்புக்கு) செய்த கண்ணாடிக்குள் மலிவு எல்.இ.டி. பல்பையோ ஹெச்.ஐ.டி. என்கிற வாயு பல்பையோ செருகாதீர்கள். அந்த விளக்குக்குக் கிடைத்த ஒப்புதல் ஹாலஜன் இழையை வைத்துக் கிடைத்தது. ஒளிப்புள்ளி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒளி சிதறிப்போகும்.

4. சட்டம் என்ன கேட்கிறது?

1996-ஆம் ஆண்டின் 93-ஆம் எண் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், அதன்கீழ் 2000-ஆம் ஆண்டு வந்த விதிமுறைகளும்தான் அடிப்படை. நமக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

ஹை பீம் போட்டால் குறைந்தது 100 மீட்டர் தூரத்தில் இருக்கிற ஆளோ வண்டியோ பெரிய பொருளோ தெரிய வேண்டும். லோ பீமுக்கு அந்தத் தூரம் 45 மீட்டர். லோ பீம் எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கக் கூடாது. பொழுது சாய்ந்ததிலிருந்து விடிகிற வரையிலும், 150 மீட்டரில் ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரியாத நேரங்களிலும் விளக்கு எரிந்தே ஆக வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி இதுதான்: ஹை பீமை ஒரே அசைவில் அணைக்க முடிய வேண்டும், அணைத்த அதே நொடியில் லோ பீம் எரிய வேண்டும். நீங்கள் சேர்க்கிற டிரைவிங் லைட்டும் ஹை பீம்தான். ஆகவே ஹை பீமோடு எரிந்து ஹை பீமோடு அணைய வேண்டும். எதிரே வண்டி வரும்போது டிம் அடித்துவிட்டு, அதன்பின் டாஷ்போர்டில் இன்னொரு ஸ்விட்சைத் தேடுகிற ஏற்பாடு சட்டப்படி செல்லாது.

உயரத்திலும் கவனம் வேண்டும். ஹெட்லைட் தரையிலிருந்து 450 மி.மீ.க்குக் கீழும் 1.4 மீட்டருக்கு மேலும் இருக்கக் கூடாது. இந்தக் கணக்கில் பம்பர் சரியாக வரும், கூரை வராது. கூரை பாருக்கு ஒளிபுகா மூடி போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சோதனைக்குப் போவதற்கு முன் அந்த நிலையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கழற்றியே வைத்துவிட்டேன், முகாமுக்குப் போனால் மட்டும் மாட்டுகிறேன்.

ஃபாக் லைட் ஹெட்லைட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். பனி, மூடுபனி, தூசி, புகை போன்றவற்றால் பார்வை குறையும்போது மட்டும்தான் போடலாம். தெளிந்த இரவில் அழகுக்காகப் போட்டுக்கொண்டு போவது குற்றம்.

இங்கே பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. கடையில் டிரைவிங் லைட்டைத்தான் எல்லாரும் ஸ்பாட் லைட் என்கிறார்கள். விதிமுறையில் வருகிற ‘ஸ்பாட் லாம்ப்’ வேறு. அது எந்தப் பக்கமும் திருப்பக்கூடிய விளக்கு. மருத்துவர், கால்நடை மருத்துவர், மீட்பு வண்டி, தீயணைப்பு வண்டி போன்ற சிலருக்கு மட்டுமே பொதுச்சாலையில் அதற்கு இடம் உண்டு. அதனால் கைப்பிடியோடு திருப்புகிற விளக்கை வண்டியில் பூட்டாதீர்கள். விளக்கு அடித்து வேட்டையாடுகிற கள்ள வேட்டைக்காரர்களைத் தேடுகிற சாலைகளில் அப்படி ஒரு விளக்கோடு போனால் வீண் சந்தேகமும் வரும்.

நிறம் வெள்ளை, அல்லது ஃபாக் லைட்டில் காண்கிற மஞ்சள். முன்பக்கம் சிவப்பு கூடாது. நீலம் போலீசுக்கு உரியது, அலங்காரத்துக்குக்கூட வேண்டாம்.

5. வாங்கும்போது கண்ணாடியைப் படியுங்கள்

நல்ல விளக்கின் கண்ணாடியில் ஒரு வட்டம் இருக்கும். அதற்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஐ.நா. வாகன விதிமுறையின்கீழ் ஒப்புதல் பெற்றதற்கான அடையாளம் அது. எண் ஒப்புதல் கொடுத்த நாட்டைக் குறிக்கும்: 1 என்றால் ஜெர்மனி, 47 என்றால் தென்னாப்பிரிக்கா. பக்கத்தில் ‘ஹெச்.ஆர்.’ என்றிருந்தால் ஹாலஜன் ஹை பீம், ‘ஹெச்.சி.’ என்றால் ஹாலஜன் லோ பீம், ‘பி’ (B) என்றால் முன் ஃபாக் லைட்.

12.5, 17.5, 37.5 போல ஓர் எண்ணும் இருக்கும். அது ஹை பீமின் வலிமை. ஒரே நேரத்தில் எரிகிற எல்லா ஹை பீம் விளக்குகளின் எண்களையும் கூட்டினால் 100-ஐத் தாண்டக் கூடாது என்பது ஐ.நா. விதிமுறை 48-இன் இன்றைய கணக்கு. 37.5 எண் உள்ள இரண்டு விளக்கு வாங்கினால் அதுவே 75 ஆகிவிடும். மீதி 25-க்குள் உங்கள் ஹெட்லைட் இரண்டும் அடங்க வேண்டும். ஆகவே கடைக்குப் போவதற்கு முன் ஹெட்லைட் கண்ணாடியில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள்.

அடையாளம் எதுவும் இல்லாமல் பெட்டியில் மட்டும் ஆயிரக்கணக்கான லூமென் என்று போட்டு விற்கிற விளக்கை வாங்காதீர்கள். நடுச்சாலையில் அதிகாரி நிறுத்தும்போது பெட்டி உங்களைக் காப்பாற்றாது, கண்ணாடியில் உள்ள முத்திரைதான் காப்பாற்றும். மலிவான எல்.இ.டி. விளக்கில் இன்னொரு தொல்லையும் உண்டு. எரிய ஆரம்பித்ததும் ரேடியோவில் இரைச்சல் வரும்.

ஊருக்குப் போய் வருகிறவர்களிடம் சொல்லி அனுப்பலாமா என்று கேட்பார்கள். இந்தியாவும் இடப்பக்கம் ஓட்டுகிற நாடு என்பதால் ஒளி விழுகிற முறை பொருந்தும். ஆனாலும் வட்ட முத்திரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கச் சொல்ல வேண்டும்.

ஒரு ஜோடி போதும். நான்கு, ஆறு என்று வரிசையாகப் பூட்டாதீர்கள்.

6. எங்கே பூட்டுவது?

வண்டியின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் ஒரே தூரம், ஒரே உயரம். டேப் வைத்து அளந்து, சாக்பீஸால் குறித்த பிறகே துளை போடுங்கள். விளக்கு நம்பர் பிளேட்டையோ இண்டிகேட்டரையோ ஹெட்லைட்டையோ மறைக்கக் கூடாது. நம்பர் பிளேட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு விளக்கு வைத்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், அது வழியில் நிறுத்தப்படுவதற்கு நீங்களே கொடுக்கிற காரணம்.

பெரிய வட்ட விளக்கைக் கிரில்லுக்கு நேர்முன் வைத்தால் ரேடியேட்டருக்குக் காற்று குறையும். பழைய டீசல் இன்ஜின், கோடைக்காலம், மேட்டில் இழுவை என்று மூன்றும் சேர்ந்தால் வெப்பமுள் ஏறும். பம்பருக்கு முன்னால் உள்ள காப்புச் சட்டமான புல் பாரின் மெல்லிய குழாயில் பூட்டினால் மண்சாலையின் அலைமேடுகளில் விளக்கு ஆடிக்கொண்டே இருக்கும். கனமான அடித்தகட்டில் பூட்டுங்கள்.

7. வயரிங்: நான் தோற்ற இடம்

இதை நிதானமாகப் படியுங்கள். வேலையை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தாலும் படியுங்கள். நான் முதலில் காசு கொடுத்த கடையும் இதே தவறைத்தான் செய்தது.

ரிலே என்பது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடுகிற ஸ்விட்ச். அதில் நான்கு முனை. 30-க்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேர் மின்சாரம் வரும். 87-இலிருந்து விளக்குக்குப் போகும். 85-ம் 86-ம் உள்ளே இருக்கிற சுருளின் இரு முனைகள். சுருளில் மின்சாரம் ஓடினால் 30-ம் 87-ம் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான வரைபடங்களில் 86-ஐ ஹை பீம் வயரிலும் 85-ஐ எர்த்திலும் கொடுக்கச் சொல்லியிருக்கும். டிஃபெண்டர் போல, ஸ்விட்ச் நேர் மின்சாரத்தை வெட்டுகிற வண்டிக்கு அது சரி.

பழைய லேண்ட் குரூசரிலும் ஹைலக்ஸிலும் அப்படியில்லை. ஹெட்லைட் போட்டவுடன் பல்பின் பொதுமுனைக்கு 12 வோல்ட் வந்து நிற்கும். ஹை, லோ என்று தீர்மானிக்கிற ஸ்விட்ச் எர்த்தை மாற்றிவிடுகிறது. இதில் அந்த வரைபடத்தை அப்படியே வைத்தால் எல்லாம் தலைகீழாகும். லோ பீம் எரியும்போது ஹை பீம் வயர் எர்த் இல்லாமல் நிற்கும். பொதுமுனையின் 12 வோல்ட், எரியாத ஹை பீம் இழை வழியாக அந்த வயருக்கு வந்து ரிலேயை இழுக்கும். ஸ்பாட் லைட் எரியும். ஹை பீம் போட்டதும் வயர் எர்த்தாகிவிடும். ரிலே விடும், ஸ்பாட் லைட் அணையும். லோவில் எரிந்து ஹையில் அணைகிற ஸ்பாட் லைட்! சட்டம் கேட்பதற்கு நேர் எதிரான இந்த நிலையில்தான் என் வண்டி இரண்டாம் முறையும் தோற்றது.

கடைசியில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அறுபது வயதைத் தாண்டியவர். டர்பனிலேயே பிறந்து வளர்ந்தவர், பாட்டியிடம் கேட்ட தமிழ் இன்னும் கொஞ்சம் நாவில் இருந்தது. பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, இது டொயோட்டா. எர்த்லதான் ஸ்விட்ச்.”

“அப்போ வயரை எல்லாம் மாத்தணுமா அண்ணா?”

“ரெண்டு வயரு. அவ்வளவுதான்.”

அவர் மாற்றியது இதுதான்: 86-க்கு ஹெட்லைட் பொதுமுனையின் நேர் வயர், 85-க்கு ஹை பீமின் எர்த் வயர். லோ பீமில் இரு முனையிலும் ஒரே 12 வோல்ட், எனவே சுருளில் ஓட்டமில்லை. ஹை பீமில் 85 எர்த்தாகும், ரிலே இழுக்கும். ரிலேக்குள் டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுகிற உறுப்பு) இருந்தால் 85, 86 இரண்டையும் இடம் மாற்றிக் கொடுக்கக் கூடாது. 86-க்குப் பொதுமுனையை விட்டுவிட்டுப் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுப்பதும் தவறு. ஹெட்லைட் அணைந்திருக்கும்போதும் இழைகள் வழியாக எர்த் கிடைத்து ரிலே இழுத்துக்கொள்ள வழி உண்டாகிவிடும்.

உங்கள் வண்டி எந்த வகை என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். ஹெட்லைட்டை லோவில் போட்டு, பல்பு ஹோல்டரில் செருகியபடியே, ஹை பீம் முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 12 வோல்ட் அளவு காட்டினால் எர்த் ஸ்விட்ச். சுழியம் காட்டினால் நேர் ஸ்விட்ச். பல்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் தவறான விடை வரும். பழைய டீசல் லேண்ட் குரூசர்களில் சில 24 வோல்ட் என்பதால், ரிலேயும் பல்பும் வாங்குவதற்கு முன் பேட்டரி இணைப்பையும் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. 55 வாட் விளக்கு இரண்டென்றால் 110 வாட், 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்று மேல். 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. வயர் போதும். 100 வாட் பல்பு போட்டால் 17 ஆம்பியர் ஆகிவிடும், அதற்கு எல்லாமே பெரிதாக வேண்டும், தவிர்த்துவிடுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள வயர் உரசி உடலைத் தொட்டால் தீப்பிடிப்பதைத் தடுக்க எதுவும் இல்லை. இன்ஜின் அறையிலிருந்து உள்ளே வயர் நுழைகிற துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். எக்ஸாஸ்ட் பக்கம் வயரைக் கொண்டுபோகாதீர்கள்.

டாஷ்போர்டு ஸ்விட்ச் ரிலேயின் சுருள் வயரில் தொடராக வர வேண்டும். அதன் வேலை ஸ்பாட் லைட்டை வேண்டாம் என்று நிறுத்தி வைப்பது மட்டும். ஹை பீம் இல்லாமல் தனியாக எரியவைக்கிற மூன்றுநிலை ஸ்விட்சைக் கடைக்காரர் தருவார். வாங்காதீர்கள்.

8. குறி வைப்பது

டயரில் காற்று சரியாக வைத்து, சமதரையில், ஒரு சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஹெட்லைட்டின் நடு உயரத்தைச் சுவரில் டேப் ஒட்டிக் குறியுங்கள். லோ பீமின் வெட்டுக்கோடு அந்தக் குறிக்கு ஏறக்குறைய 10 செ.மீ. கீழே விழ வேண்டும். ஸ்பாட் லைட்டின் பிரகாசமான நடுப்பகுதி அதன் சொந்த உயரத்திலோ ஒரு விரற்கடை கீழேயோ, நேர் முன்னால் விழட்டும்.

பயணத்துக்குப் போகும்போது பின்னால் தண்ணீர், கூடாரம், பெட்டி என்று ஏற்றினால் பழைய வில் பட்டையோ ஸ்பிரிங்கோ அமுங்கும். மூக்கு மேலே தூக்கும், லோ பீமும் சேர்ந்து மேலே போகும். எதிரே வருகிறவர்கள் உங்களைப் பார்த்து மறுபடி மறுபடி ஃபிளாஷ் அடித்தால் காரணம் இதுதான். சாமான் ஏற்றிய நிலையில் ஒருமுறை சுவரில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிறகு ஒரு நண்பரை வண்டிக்கு முன்னால் நிறுத்தி இந்த நான்கையும் சோதியுங்கள்: பார்க் லைட்டில் ஸ்பாட் எரியக் கூடாது. லோவில் எரியக் கூடாது. ஹையில் எரிய வேண்டும். ஹையிலிருந்து லோவுக்கு மாற்றிய நொடியில் அணைய வேண்டும். டாஷ்போர்டு ஸ்விட்சை இரண்டு நிலையிலும் வைத்து நான்கையும் திரும்பப் பாருங்கள். நான் இதைச் செய்திருந்தால் இரண்டாம் தோல்வி வந்திருக்காது. எரிகிறதா என்று மட்டும் பார்த்தேன், எப்போது எரிகிறது என்று பார்க்கவில்லை.

9. சோதனை நிலையமும் காகிதங்களும்

விளக்கு பொருத்துவதற்கென்று தனி அனுமதிப் படிவம் கிடையாது. அதனால்தான் எல்லாம் ரோட்வொர்த்தி சோதனையிலும் சாலையில் நிற்கிற அதிகாரியின் கண்ணிலும் வந்து முடிகிறது. சோதனைக்கு ஏ.சி.ஆர். படிவம், அடையாளச் சான்று, வண்டியின் பதிவுக் காகிதம் வேண்டும். காலையில் முதல் ஆளாகப் போங்கள். மாத இறுதியில் போகாதீர்கள். ஹெட்லைட் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, சேறு கழுவிப் போங்கள்.

தோற்றால் குறைகளை எழுதித் தருவார்கள். எனக்கு 14 நாள் தந்தார்கள், அதற்குள் போனால் மறுசோதனைக் கட்டணம் மட்டும். முதல் தோல்வியில் கூரை பாரும் ஹெட்லைட் குறியும். அவற்றைச் சரிசெய்து மறுபடி போனபோது ஸ்பாட் லைட். அதற்குப் பிறகு 14 நாளும் கடந்துவிட்டது, முழுச் சோதனைக்கும் மறுபடி பணம் கட்டினேன். அதற்குள் பெயர் மாற்றத்தின் 21 நாளும் போயிருந்தது.

பதிவு முடிந்து விளக்கையும் பூட்டிய பிறகு அதே சோதனை நிலையத்திலோ, விளக்குக் குறி பார்க்கிற கருவி உள்ள பணிமனையிலோ ஒருமுறை காட்டிவிடுங்கள். நான் காட்டினேன், கால் மணி நேர வேலை.

காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தெரிவியுங்கள்: என்ன விளக்கு, எத்தனை, விலை, யார் பொருத்தியது, படம். தொலைபேசியில் சொல்லிவிட்டு விடாதீர்கள். பதில் எழுத்தில் வர வேண்டும். இரவு விபத்தில் இழப்பீடு கேட்கும்போது, சொல்லாமல் செய்த மாற்றம் உங்களுக்கு எதிராகப் போகலாம். திருட்டுப் போனாலும், பட்டியலில் இல்லாத துணைக்கருவிக்குப் பணம் கிடைப்பது கடினம்.

விளக்கின் ரசீது, முத்திரை தெளிவாகத் தெரிகிற படம், எலக்ட்ரீஷியன் தந்த பில் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் வண்டியிலேயே வையுங்கள். அதிகாரிக்கு விளக்கு தகுதியற்றது என்று பட்டால் அபராதம் மட்டுமில்லை, வண்டியை ஓட்டவே கூடாது என்று நோட்டீஸ் கொடுக்கவும் அதிகாரம் உண்டு. ஹைவேயில் நிறுத்தப்பட்டபோது அந்த உறையைக் காட்டி, ஹை பீம் லோ பீம் மாற்றிக் காட்டினேன். இரண்டு நிமிடத்தில் போகச் சொன்னார்.

10. செலவும் நாட்களும்

எனக்கு ஆனதை அப்படியே தருகிறேன். உங்கள் ஊரிலும் கடையிலும் மாறும்.

ஹெட்லைட்டுக்கு இரண்டு ஹோல்டரும் பல்பும் 480 ராண்ட். முத்திரையுள்ள ஸ்பாட் லைட் ஒரு ஜோடி 1,850. ரிலே, ஃபியூஸ், வயர், ஸ்விட்ச் சேர்த்து 540. சாட்ஸ்வொர்த் அண்ணாவின் இரண்டு மணி நேர வேலைக்கு 1,100. ரோட்வொர்த்தி சோதனை 620. இதைக் கூட்டினால் 4,590 ராண்ட். வரிசையாகச் செய்திருந்தால் இதோடு முடிந்திருக்கும்.

தவறான வரிசையால் கூடுதலாகப் போனது: முதலில் தவறாக வயரிங் செய்த கடைக்கு 900, மறுசோதனை 200, மீண்டும் முழுச் சோதனை 620, அதற்குமேல் பதிவின் தாமதக் கட்டணம், அலுவலகத்துக்குப் போட்ட நான்கு விடுப்பு.

நாட்கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். டிராஃபிக் ரெஜிஸ்டர் எண் கையில் வந்த பிறகே வண்டி வாங்குங்கள். வாங்கிய முதல் வாரம் பழைய விளக்கு, வயர் எல்லாம் கழற்றி ஹெட்லைட்டைச் சரிசெய்யுங்கள். இரண்டாம் வாரத் தொடக்கத்தில் சோதனை. தோற்றாலும் சரிசெய்து திரும்ப வர அப்போது நாள் இருக்கும். மூன்றாம் வாரத்துக்குள் பதிவு. அதற்குப் பிறகு வருகிற ஒரு சனிக்கிழமையில் விளக்கைப் பூட்டி, அன்று இரவே சுவரில் குறி பாருங்கள், திங்கட்கிழமை காப்பீட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

சானி கணவாய்க்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று: அந்த எல்லைச் சாவடி மாலை 6 மணிக்கு மூடிவிடும். எவ்வளவு நல்ல விளக்கு இருந்தாலும் பொழுதோடு இறங்கிவிடும்படி திட்டமிடுங்கள். விளக்கு தேவைப்படுவது அதற்குப் பிறகு, அண்டர்பெர்க்கிலிருந்து டர்பன் திரும்புகிற இருட்டுச் சாலையில்தான்.